ஆசிரியர் இல்லாமல் வரையப் பழகுபவர் தம் பிழையைத் தாமே கண்டறிவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: எட்டு மாதங்களாக யாரிடமும் கற்காமல் நாள்தோறும் பென்சிலால் வரைந்து வருகிறீர்கள், கட்டம் போட்டோ, டிரேசிங் தாளை மேலே வைத்தோ வரைந்தால் உருவம் சரியாக வருகிறது, வெறும் கண்ணால் பார்த்து வரைந்தால் முகம் வேறு யாருடைய முகமாகவோ ஆகிவிடுகிறது. நேர்கோடும் வட்டமும் போட்டுப் பழகச் சொன்னார்கள் என்று பல நோட்டுகளை நிரப்பியும் பெரிய மாற்றம் இல்லை. இது கையின் குறையா, கண்ணின் குறையா, பிறவியிலேயே வாய்க்காத திறமையா என்று கேட்கிறீர்கள். கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது: பிழை எந்த இடத்தில் பிறக்கிறது, அதைத் தொட்டுக் காட்ட ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது அதை நானே எப்படிப் பிடிப்பது?

நான் முறையாக ஓவியம் பயின்றவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் வயது வந்த தொடக்கநிலையாளர்களுக்குக் கோட்டோவியம் கற்பித்து வருகிறேன். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே உங்களுக்கே உரிய பிழை எது என்று என்னால் சொல்ல முடியாது, அதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் சொல்ல முடியும். ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. டிரேசிங் தாளின் மேல் ஒரு கோட்டை ஒழுங்காக ஓட்டத் தெரிந்த கைக்கு, அதே கோட்டை வெற்றுத் தாளில் போடுவதற்குத் தேவையான கட்டுப்பாடு ஏற்கெனவே இருக்கிறது. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்ற தீர்மானத்தை டிரேசிங் தாள் உங்களுக்காக எடுத்துக்கொள்கிறது. அது விலகியவுடன் அந்தத் தீர்மானம் உங்களிடம் வருகிறது, பிழையும் கூடவே வருகிறது. டேல் கோஹன், சூசன் பென்னட் என்ற இரு உளவியலாளர்கள் 1997 இல் வெளியிட்ட ஆய்வு இதையேதான் பிரித்துப் பார்த்தது. கையின் திறன், எதை வரைவது எதை விடுவது என்ற தேர்வு, தன் படத்தையே தவறாகப் பார்ப்பது, பொருளைத் தவறாகப் பார்ப்பது ஆகிய நான்கில், கடைசியாகச் சொன்னதே பிழைக்குப் பெருங்காரணம் என்றும் கையின் பங்கு மிகச் சிறியது என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். சித்திரமும் கைப்பழக்கம் என்று நம்மவர்கள் சொல்லி வைத்திருப்பதை நான் மறுக்கவில்லை. பழக்கம் தேவைதான், ஆனால் தொடக்கத்தில் பழக்க வேண்டியது கையை விடக் கண்ணை என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

கண் ஏன் தவறுகிறது என்பதில் ஐயமில்லாத பகுதி ஒன்று உண்டு. மேசைமேல் ஒரு கோப்பையை வைத்து, சற்று மேலிருந்து பாருங்கள். அதன் வாய் உங்கள் கண்ணுக்கு ஒடுங்கிய நீள்வட்டமாகவே வந்து சேர்கிறது; ஆனால் அது வட்டம் என்று மனத்துக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவே மனம் ஒரு சமரசம் செய்துகொண்டு, உள்ளதைவிட அகலமாகத் திறந்த நீள்வட்டம் ஒன்றை உங்களுக்குக் காட்டுகிறது. சாய்ந்த தட்டுகளை ஆட்களுக்குக் காட்டி, அவர்கள் கண்ட வடிவத்தைக் குறிக்கச் சொல்லி, பிரிட்டிஷ் உளவியலாளர் ராபர்ட் தவ்லஸ் 1931 இலேயே இதை அளந்து காட்டினார். அவர்கள் குறித்த வடிவம் கண்ணில் விழுந்ததற்கும் உண்மையான வட்டத்துக்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. தூரத்தில் உள்ள மனிதர் பாதியாகச் சுருங்கிவிட்டதாக நமக்குத் தோன்றாததும் இதனால்தான். அன்றாட வாழ்வுக்கு இது பெரிய உதவி. படம் வரைபவருக்கு மட்டும் இடைஞ்சல். என் வகுப்புக்கு வருபவர்கள் முதல் நாள் வரையும் கோப்பையில் இரண்டு தவறுகளை ஏறக்குறைய எல்லாரிடமும் பார்க்கிறேன்: வாய் அளவுக்கு மீறித் திறந்திருக்கும், அடிப்பாகம் மேசையில் தட்டையாக உட்கார்ந்திருப்பது தெரியும் என்பதால் அடிக்கோடு நேராக இருக்கும். உண்மையில் மேலிருந்து பார்க்கும்போது அடிவிளிம்பின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் அது நம் கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது.

கண் பரிசோதனை பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல் கிரேக்கோ என்ற ஓவியரின் உருவங்கள் நெடிதாக இருப்பதற்கு அவர் கண்ணில் இருந்த குறைபாடே காரணம் என்று முன்பு ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அதில் உள்ள ஓட்டை எளியது: உலகத்தை நீட்டிக் காட்டும் கண், அவர் வரைந்த துணியையும் நீட்டித்தானே காட்டியிருக்கும்? ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் அல்லவா? மங்கலாகத் தெரிந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது வேறு. ஆனால் உங்கள் விகிதப் பிழைக்குக் காரணத்தை அங்கே தேட வேண்டாம்.

இனி ஐயத்துக்குரியவை. படத்தைத் தலைகீழாக வைத்து வரைந்தால் துல்லியம் கூடும் என்பதை நீங்கள் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1979 இல் பெட்டி எட்வர்ட்ஸ் எழுதிய நூலின் வழியாகப் பரவிய பயிற்சி அது; மூளையின் வலப்பாதியைத் தட்டி எழுப்புகிறது என்ற விளக்கமும் அதோடு சேர்ந்தே பரவியது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்க இன்றைய மூளை அறிவியல் இடம் தருவதில்லை. வரைவது மூளையின் இரு பக்கமும் சேர்ந்து செய்யும் வேலை. பயிற்சியே பலன் தருகிறதா என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை. தலைகீழாக்குவதால் துல்லியம் கூடவில்லை என்றே 2010 இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நானோ அதை இன்னும் வகுப்பில் ஒருமுறை செய்யச் சொல்கிறேன். மூக்கு, உதடு என்ற பெயர்கள் மனத்திலிருந்து விலகும்போது கோடு வெறும் கோடாகத் தெரிகிறது என்ற அனுபவத்தை அது சிலருக்குத் தருகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் என்னிடம் இல்லை. அதேபோல், நன்றாக வரைபவர்களுக்கு மனத்தின் மேற்சொன்ன சமரசம் குறைவாக இருக்கிறதா, அல்லது அது அவர்களுக்கும் அப்படியே இருந்து அதைத் திருத்தும் உத்திகள் மட்டும் கைவந்திருக்கின்றனவா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. என் சாய்வு இரண்டாவது பக்கம்தான்: இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கோப்பையின் வாய் எனக்கும் முதல் பார்வையில் அகலமாகவே தெரிகிறது, ஆனால் அதை நான் நம்புவதில்லை. பிறவித் திறமையைப் பொறுத்தவரை, சிலர் விரைவாகக் கற்கிறார்கள் என்பது உண்மை. மெதுவாகக் கற்பவர்கள் துல்லியத்தை அடையவே முடியாது என்று நினைக்கும்படி நான் எதையும் கண்டதில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் முக்கியமான ஒன்று இனிமேல்தான் வருகிறது. எட்டு மாதம் நாள்தோறும் வரைந்தும் முன்னேற்றம் நின்றுபோனதற்குக் காரணம், வரைந்து முடித்த பின் "சரியில்லை" என்ற உணர்வோடு தாளைத் திருப்பிவிடுவதாகவே இருக்க வேண்டும். எது, எந்தப் பக்கமாக, எவ்வளவு சரியில்லை என்று தெரியாத வரை, அடுத்த படத்தில் திருத்துவதற்கு உங்களிடம் எதுவுமே இல்லை. ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு, அதே அளவில், டிரேசிங்கும் கட்டமும் இல்லாமல், இருபது அல்லது முப்பது நிமிடம் வரையுங்கள். வரைவதற்கு முன் இரண்டு மூன்று விகிதங்களை வெறும் கண்ணால் ஊகித்து ஓரத்தில் எழுதி வையுங்கள்: உயரத்தில் அகலம் எத்தனை பங்கு, நடுப்புள்ளி எங்கே விழுகிறது, இந்தச் சாய்வு கடிகார முள்ளில் எத்தனை மணி. முடித்த பின், மூலப்படத்தின் வெளிக்கோட்டையும் முக்கியப் புள்ளிகளையும் டிரேசிங் தாளில் எடுத்து உங்கள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மிகப் பெரிய மூன்று விலகல்களை மட்டும் வண்ணப் பென்சிலால் குறியுங்கள். அவற்றைத் திசையோடு எழுதுங்கள். "மூக்கு தவறு" என்று எழுதுவதில் பயனில்லை. "மூக்கின் அடி மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது" என்பதில்தான் பயன் இருக்கிறது. பிறகு அந்த மூன்றையும் அதே தாளில் திருத்துங்கள். இப்படிப் பத்துப் படங்கள் சேர்ந்ததும் குறிப்புகளை ஒன்றாக வைத்துப் படியுங்கள். பிழைகள் சிதறிக் கிடக்காது. ஒரே பிழை திரும்பத் திரும்ப ஒரே பக்கமாக வந்திருக்கும். என் சொந்தக் கதையே இதற்குச் சான்று: முக்கால் பக்கமாகத் திரும்பிய முகத்தில், நம்மைவிட்டு விலகியிருக்கும் கன்னத்தை நான் எப்போதும் அகலமாகப் போடுகிறேன் என்பது, கல்லூரிப் படிப்பு முடிந்து ஆறு ஆண்டுகள் கழித்து, இப்படித் தாளை மேலே வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை ஒப்புமை வராததற்கு நிழலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஊகத்தை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அளவுகோலை முதலிலேயே எடுத்துவிட்டால் அந்தப் படம் சரியாக வரும், கண் எதையும் கற்காது. ஊகிக்காமல், கடைசியில் அளந்தும் பார்க்காமல் விட்டால், கண் தன் பழைய வழக்கத்தையே உறுதிப்படுத்திக்கொள்ளும். ஊகம், அளவு, திருத்தம் என்ற வரிசையில்தான் கண்ணுக்குத் தன் தவறு தெரிய வருகிறது. நிறைய வரைந்தால் தானாக வந்துவிடும் என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வேகம் வரும், துணிச்சல் வரும், விகிதம் தானாக வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

நேரில் உள்ள பொருளை வரையும்போது டிரேசிங் தாள் கிடையாது. அங்கே பென்சிலே அளவுகோல். கையை முழங்கை மடியாமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையையும் கட்டைவிரல் நகத்தையும் வைத்து ஒரு பகுதியை அளந்து, அது மற்றப் பகுதியில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த முறைதான். எங்கே தவறுகிறார்கள் என்றால், பின்னோக்கிப் போகும் மேசை விளிம்பின் சாய்வை எடுக்கும்போது பென்சிலையும் அந்த விளிம்போடு சேர்த்து உள்ளே சாய்த்துவிடுகிறார்கள். உங்களுக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பலகை செங்குத்தாக நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பென்சில் அந்தக் கண்ணாடியின் மேல் படிந்தபடியே சுழல வேண்டும், அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது. கை மடிந்தால் அலகு மாறிவிடும், தலையை நகர்த்தினாலும் மாறிவிடும். செங்குத்துக் கோட்டுக்கு ஒரு நூலில் சிறு எடையைக் கட்டித் தொங்கவிடுங்கள்; காதுக்கு நேர் கீழே தோளின் எந்தப் புள்ளி வருகிறது என்பதைக் கண்ணைவிட அந்த நூல் நேர்மையாகச் சொல்லும். செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் ஒரே நீளம் இருந்தாலும் செங்குத்தே நீளமாகத் தெரியும் என்பது நன்கு நிறுவப்பட்ட கண்மயக்கம்; ஆகவே உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடும்போதாவது அளக்காமல் விடாதீர்கள்.

இன்னொரு பிழை கண்ணிலும் இல்லை, கையிலும் இல்லை, மேசையில் இருக்கிறது. தாளைத் தட்டையாக மேசையில் போட்டுக் குனிந்து வரையும்போது, தாளின் மேற்பகுதி உங்கள் கண்ணிலிருந்து விலகி ஒடுங்கித் தெரிகிறது. அந்த ஒடுக்கத்தைத் தெரியாமலே ஈடுகட்டி மேற்பகுதியை நீட்டிப் போட்டுவிடுவீர்கள். முடித்துச் சுவரில் சாய்த்துப் பார்க்கும்போது நெற்றி வளர்ந்திருக்கும். பலகையைச் சாய்த்து, பார்வை தாளின் நடுவில் செங்குத்தாக விழும்படி வைத்தால் இந்தப் பிழை அன்றே போய்விடும். உங்கள் எட்டு மாதத்தில் ஒரு பகுதியை இது தின்றிருந்தாலும் வியப்பில்லை. புகைப்படத்தையும் முழுதாக நம்ப வேண்டாம்: முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்துத் தெரியும். 30 செ.மீ. தொலைவில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரிவதை 2018 இல் ஒரு மருத்துவ ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. தற்படத்தை (செல்ஃபி) பார்த்து வரைந்து அது அந்த ஆளைப்போல் இல்லை என்றால், குற்றம் முழுவதும் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை.

வரிசையும் முக்கியம். தொடக்கநிலையாளர்கள் முகம் என்றதும் ஒரு கண்ணை முழுதாக முடித்து, அங்கிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து வாய்க்கும் நகர்கிறார்கள். ஒவ்வொரு பகுதியையும் முந்தைய பகுதியோடு மட்டும் ஒப்பிட்டு 5 சதவீதம் பெரிதாகப் போட்டால் ஆறாவது பகுதிக்குள் அது 34 சதவீதமாகப் பெருகிவிடும். தாடை தாளைவிட்டு வெளியே போவது இப்படித்தான். முதலில் உச்சிக்கும் அடிக்கும், இடத்துக்கும் வலத்துக்கும் எல்லைக் குறிகள். அடுத்து அவற்றை இணைக்கும் நாலைந்து நேர்கோடுகளால் ஆன பெரிய வடிவம். அதற்குப் பிறகே உள்ளே நுழைவது. எல்லை நிலைத்துவிட்டால் உள்ளே நேரும் பிழை பெருக இடமில்லை. வளைவுகளை முதலில் நேர்கோடுகளாக உடைக்கச் சொல்வதும் இதற்காகத்தான்: நேர்கோட்டின் சாய்வைச் சரிபார்க்கலாம், வளைவில் எதைப் பிடித்துச் சரிபார்ப்பது? கைப்பிடிக்கும் கோப்பைக்கும் நடுவே உள்ள வெற்றிடம், கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள முக்கோணம் போன்றவற்றை ஒரு பொருளாகவே எண்ணி வரைந்து பாருங்கள். வெற்றிடத்தைப் பற்றி மனத்துக்கு முன்கூட்டிய அபிப்பிராயம் எதுவும் இல்லாததால் அதை ஏமாறாமல் பார்க்கிறோம்.

முகத்துக்கென்று ஒரு செய்தி மட்டும் சொல்கிறேன். நேரே பார்க்கும் வயது வந்தவரின் தலையில், உச்சியிலிருந்து தாடை வரை உள்ள உயரத்தின் ஏறத்தாழ நடுவில் கண்கள் இருக்கின்றன. நமக்குச் சுவையான செய்தியெல்லாம் கண்ணுக்குக் கீழே இருப்பதால் நெற்றியையும் மண்டையையும் வெட்டிவிட்டு, கண்களை மேலே ஏற்றிவிடுகிறோம். இது பொது அளவு. நீங்கள் வரையும் ஆள் இதிலிருந்து எவ்வளவு விலகுகிறார் என்பதே அவருடைய முகம், எனவே இதையும் ஊகத்துக்கான தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டமும் டிரேசிங்கும் ஏமாற்று வேலையா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. நூல்கள் பின்னிய திரையின் வழியாகப் பொருளைப் பார்த்து வரைவதை இத்தாலியக் கலை அறிஞர் ஆல்பெர்ட்டி 1435 இலேயே விவரித்திருக்கிறார். வான் கோ 27 வயதில், 1880 இல், ஓவியராவது என்று முடிவெடுத்து, பெரும்பாலும் தாமாகவே கற்றவர். ஷார்ல் பார்க் தயாரித்த, 197 அச்சுப்படங்கள் கொண்ட பயிற்சித் தொகுப்பைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்தார், 1882 இல் ஹேக் நகரில் இருந்தபோது நூல் கட்டிய சட்டகம் ஒன்றைச் செய்வித்து அதன் வழியாக வெளிக்காட்சிகளை வரைந்தார். கருவியில் இழுக்கு ஒன்றுமில்லை. வரைவதற்கு முன் அது வந்தால் ஊன்றுகோல், வரைந்த பின் வந்தால் ஆசிரியர். இப்போதைக்கு உங்களுக்கு இரண்டாவதே தேவை. நேர்கோட்டு, வட்டப் பயிற்சியை ஐந்து நிமிடக் கைத்தளர்வாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நேரம் கொடுக்க வேண்டாம்.

வரையும்போது தாளையே பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கத்தையும் கவனியுங்கள். பொருளை நீண்ட நேரம் உற்றுப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டு, பிறகு குனிந்து நெடுநேரம் வரைபவர்கள் நினைவிலிருந்து வரைகிறார்கள். நினைவுக்குள் மறுபடியும் அந்தப் பழைய சமரசம் நுழைந்துவிடுகிறது. சற்று நேரமே, ஆனால் அடிக்கடி பொருளைப் பார்ப்பவர்களின் படங்கள் கூடுதல் துல்லியமாக இருப்பதை 2005 இல் கோஹன் வெளியிட்ட மற்றோர் ஆய்வு காட்டியது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒருமுறையாவது நிமிர்ந்து பாருங்கள். தாளும் பொருளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் தலையைத் திருப்பாமலே இது நடக்கும். படத்தைக் கண்ணாடியில் திருப்பிப் பார்க்கச் சொன்னவர் லியொனார்டோ. வலமிடமாக மாறிய படம் வேறொருவர் வரைந்ததுபோல் தெரிவதால் பிழை சட்டென்று கண்ணில் படுகிறது. கைப்பேசியில் படமெடுத்துத் திருப்பினாலும் அதே பலன்தான்.

எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு என்னிடம் இருப்பது வகுப்பறை அனுபவம் மட்டுமே, கணக்கெடுப்பு இல்லை: நாள் ஒன்றுக்கு அரை மணி நேரம், ஒவ்வொரு படத்தையும் மேலே தாள் வைத்துச் சரிபார்க்கும் பழக்கத்தோடு வரைபவர்கள், இரண்டு மூன்று மாதங்களில் தம் முதன்மைப் பிழையை வரையும்போதே உணர்ந்து திருத்தத் தொடங்குகிறார்கள். முதலில் பிழை சுருங்குவதில்லை, அது முன்னதாகவே தெரிய வருகிறது. அந்த இடைக்காலத்தில் படங்கள் மோசமாகிவிட்டதாகத் தோன்றும், பலர் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். முகங்களை ஒரு மாதம் தள்ளி வையுங்கள், ஏனென்றால் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழையும் ஆளை மாற்றிவிடும். கோப்பை, நாற்காலி, காலணி ஆகியவற்றில் அதே பிழை மன்னிக்கப்படும், ஆனால் அளந்தால் தெரியும். அடுத்த முறை யாரிடமாவது படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது, முடித்த படத்தை மட்டும் காட்டாமல், பார்த்து வரைந்த மூலத்தையும், வண்ணப் பென்சிலால் நீங்கள் குறித்த மூன்று விலகல்களையும் சேர்த்தே வையுங்கள். பார்ப்பவர் அப்போதுதான் உங்கள் படத்தைப் பற்றிப் பேசுவதை விட்டு, உங்கள் கண் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பற்றிப் பேச முடியும்.